கொக்கியில் தொங்கிய கேபிளும் பழனிசாமியின் காதும்

1. சாம்பிராணி நேரத்தில் வந்தவர்

"அக்கா, எங் காதுல கோளாறா, இல்ல இதுல கோளாறா? பாத்துச் சொல்லிப்போடுங்க."

கடையைத் திறந்து முதலாளி சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்த நேரம். கவுன்டருக்கு அந்தப் பக்கம் பழனிசாமி நின்றிருந்தார். கையில் இருந்த வாக்கி டாக்கி செட்டைக் கண்ணாடி மேல் வைத்தார். 

நான் ஜெரினா. உக்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பல வருஷமாக வாக்கி டாக்கி சர்வீஸ் பார்த்தவள். மில், குவாரி, கல்யாண மண்டபம், தேர்த் திருவிழா என்று கோயமுத்தூரைச் சுற்றி ஓடுகிற செட்டுகளில் முக்கால்வாசி என் மேசைக்கு ஒரு தடவையாவது வந்திருக்கும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, செட்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்க எந்தப் புரோகிராமிங் கேபிள் வாங்கலாம் என்பதுதான். சாதாரணக் கேள்வி. ஆனால் அதைக் கேட்டாலே எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடுகிறது. கேட்டவர்மேல் இல்லை. அந்தக் கோபம் யார்மேல் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பழனிசாமி கிணத்துக்கடவுப் பக்கம் கிணறு ஆழப்படுத்தும் கிரேனில் லிவர் பிடிக்கிற ஆள். எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாறையை வெட்டி வெட்டிக் கீழே போயிருப்பார்கள். மேலே நின்று எட்டிப் பார்த்தால் அடியில் இருக்கிற ஆள் தலை மட்டும் தெரியும், அதுவும் வெயில் நேராக விழுந்தால். கிரேன் கிணற்றுக் கரையிலிருந்து தள்ளித்தான் நிற்கும். லிவர் பிடிப்பவருக்குக் கிணற்றின் அடி தெரியவே தெரியாது. கீழே இருப்பவர்கள் உடைத்த கல்லை இரும்புச் சட்டியில் நிரப்பிவிட்டு "ஏத்து" என்று சொன்னால் இவர் ஏற்ற வேண்டும், "எறக்கு" என்றால் இறக்க வேண்டும். முன்பெல்லாம் கரையில் ஒருவர் துண்டை வீசிச் சைகை காட்டுவார். இப்போது வாக்கி டாக்கி. இவருக்கு ஒரு கை லிவரில், ஒரு கை பிரேக்கில். பட்டனை அமுக்கித் திருப்பிக் கேட்கக் கை கிடையாது. செட்டைக் கழுத்தில் மாட்டி, வால்யூமை முழுசாக வைத்துக்கொண்டு, காதில் விழுவதை அப்படியே செய்வார். அந்தக் கும்பலில் வேலை நடப்பது இப்படித்தான்.

"உக்காருங்க பழனி. என்னாச்சு?" என்றேன்.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். போன வாரம் கிணற்றுக்குள் இருந்தது அவர் மனைவி சரசுவின் தம்பி செல்வராசு. சட்டியில் கல் பாதிகூட நிரம்பவில்லை. பழனிசாமி கழுத்தில் இருந்த செட்டில் "ஏத்து ஏத்து" என்று வந்தது. ஏற்றினார். சட்டி சாய்ந்தபடி கிளம்பி, மேலே இருந்த கல் உருண்டு செல்வராசின் காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"மச்சான், நான் ஏத்துன்னு சொல்லவே இல்லியேங்கறான். எனக்குக் கேட்டுச்சுங்க்கா. சத்தியமாக் கேட்டுச்சு. மேஸ்திரி என்னடான்னா, நான் குடிச்சிருந்தேன்னு ஊரெல்லாஞ் சொல்லிப்போட்டாரு. நான் குடிக்கற ஆளுங்களா? ஆஸ்பத்திரிக்குப் போனா சரசு செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிறா. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா. அவ தம்பியில்லீங்களா. இப்ப எனக்கே சந்தேகமாப் போச்சுங்க்கா. கேக்காததெல்லாம் எங் காதுல உழுகுதோன்னு பயமா இருக்குது."

எனக்கு அந்த மேஸ்திரியைத் தெரியும். நடராசு என்று பெயர். கிணற்று வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்து இந்தக் கும்பலை நடத்துகிறவர். குதிரை கீழே தள்ளினதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். ஒருவன் கால் நொறுங்கியிருக்கிறது, இன்னொருவனைக் குடிகாரன் என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொள்கிறாரா என்று எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

2. டோன் கட்டத்தில் ஒன்றுமில்லை

என் மேசை டிராயரில் எனக்கென்று ஒரு கேபிள் உண்டு. யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டேன். அதை எடுத்துப் பழனிசாமியின் செட்டில் மாட்டி ரீட் கொடுத்தேன். செட்டுக்குள் என்ன எழுதியிருக்கிறதோ அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவது ரீட். கம்ப்யூட்டரில் இருப்பதைச் செட்டுக்குள் ஏற்றுவது ரைட். ரீட் முடிந்து திரையில் கட்டம் கட்டமாக விரிந்தது.

ஃப்ரீக்வென்சி சரியாக இருந்தது. அதற்கு அடுத்த கட்டம் டோன். அதில் ஒன்றுமில்லை, ஆஃப்.

டோன் என்றால் இதுதான். லைசென்ஸ் தேவைப்படாத சின்ன செட்டுகளுக்கென்று சர்க்கார் விட்டிருக்கிற அலைவரிசை கொஞ்சம்தான். எல்லாரும் அதற்குள்ளேதான் அடித்துக்கொண்டு பேச வேண்டும். அதனால் ஒவ்வொரு கும்பலின் செட்டுக்கும், பேச்சோடு சேர்ந்து போகிற மாதிரி, மனிதர் காதுக்குக் கேட்காத ஒரு முனகலை வைப்போம். தன் கும்பலின் முனகல் வந்தால்தான் செட் வாயைத் திறக்கும். அடுத்த கும்பலின் பேச்சு வந்தால் சும்மா இருக்கும். டோன் இல்லாத செட் கதவு இல்லாத வீடு, யார் வேண்டுமானாலும் நுழையலாம். பழனிசாமியின் கும்பலுக்கு டோன் வைத்தது நானேதான். இரண்டு செட்டுக்கும் வைத்து, பேசிப் பார்த்துக் கொடுத்தனுப்பியிருந்தேன்.

"பழனி, உங்க கெணத்துக்குப் பக்கத்துல வேற கெணத்து வேலை ஏதாச்சும் நடக்குதா?"

"மூணு தோட்டந் தள்ளி ஒண்ணு நடக்குதுங்க்கா. வேற காண்ட்ராக்டு. மச்சானுக்கு அடிபட்ட அன்னிக்குக் காலைலதான் அவிங்க கிரேன் வந்து நின்னுச்சு. ஏனுங்க?"

அவருக்கு உடனே புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அங்கேயும் சட்டி நிரம்பினால் "ஏத்து" என்றுதான் சொல்வார்கள். டீசல் இஞ்சின் சத்தத்தில், அந்தச் சின்ன ஸ்பீக்கரில், எந்த ஆம்பிளைக் குரலும் ஒரே மாதிரிதான் கேட்கும். மச்சான் குரல் இது, மாற்றான் குரல் இது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

"இந்த செட்டை யாரு தொட்டாங்க?"

"போன மாசம் ஒரு செட்டு தண்ணிக்குள்ள உழுந்து போச்சுங்க. மேஸ்திரி புதுசு ஒண்ணு வாங்கியாந்து, ஊட்ல லேப்டாப்புல வெச்சு என்னமோ பண்ணுனாரு. வயரு உங்க கடைலதான் வாங்குனதாச் சொன்னாரு."

நான் தலையைத் திருப்பிக் கவுன்டருக்குப் பின்னால் இருந்த கொக்கியைப் பார்த்தேன். பளபளவென்று பிளாஸ்டிக் பாக்கெட்டில் ஏழெட்டுக் கேபிள் தொங்கிக்கொண்டிருந்தன. காதெல்லாம் சூடேறிவிட்டது எனக்கு.

3. அந்தக் கொக்கி

அந்தக் கேபிள் கடைக்கு வந்த அன்றே நான் முதலாளியோடு சண்டை போட்டிருந்தேன். முதலாளி ராஜேந்திரன் கெட்ட மனிதர் இல்லை. சம்பளத்தை இழுத்தடிக்க மாட்டார், நோன்பு மாதத்தில் நான் சீக்கிரம் கிளம்பினால் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் அடிமாட்டு விலைக்கு ஒரு சரக்கு கிடைத்தால் அவருக்குக் கண் தெரியாது. பெட்டியைப் பிரித்து ஒரு கேபிளை எடுத்து என் செட் ஒன்றில் மாட்டிப் பார்த்தேன்.

"ராஜண்ணா, இது ஆவாதுங்க. திருப்பி அனுப்பிருங்க" என்றேன்.

"ஏம்மா, பின்னு சேருதுல்ல?"

"சேர்ற மாதிரி இருக்குது. சேரல."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். கேபிளின் ஒரு முனை யுஎஸ்பி. மறு முனையில் இரண்டு பின், ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது. பின்னைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் கொஞ்சம் தடித்திருந்தால்கூடப் பின் கடைசிவரை உள்ளே இறங்காது. வெளியிலிருந்து பார்த்தால் மாட்டியாயிற்று என்றுதான் தோன்றும். யுஎஸ்பி தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. கம்ப்யூட்டர் சொல்வதைச் செட்டுக்கும், செட் சொல்வதைக் கம்ப்யூட்டருக்கும் கடத்துவது அதுதான். அது போலி சிப்பாக இருந்தால் இன்றைக்கு ஓடும், கம்ப்யூட்டர் அப்டேட் ஆன மறுநாள் படுத்துக்கொள்ளும். இன்னும் மோசம், ஓடுகிற மாதிரி ஓடிப் பாதியில் நிற்கும். பின் ஒரே மாதிரி இருக்கிறது என்று ஒரு கம்பெனி கேபிளை இன்னொரு கம்பெனி செட்டில் மாட்டினால் உள்ளே வயரிங் வேறாக இருக்கும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை அது. இந்தக் கேபிளில் பின்னும் சரியில்லை, சிப்பும் போலி. பாக்கெட் மேல் மட்டும் எல்லா செட்டுக்கும் பொருந்தும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

முதலாளி கேட்கவில்லை. "நீ சர்வீஸப் பாரு ஜெரினா. யாவாரத்த நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக் கொக்கியில் மாட்டிவிட்டார்.

பழனிசாமியை எதிரில் நிறுத்திக்கொண்டே மேஸ்திரிக்குப் போன் போட்டேன். எப்படிப் புரோகிராம் பண்ணினீர்கள் என்று சும்மா விசாரிக்கிற மாதிரிதான் கேட்டேன். மனிதர் பெருமையாகவே சொன்னார்.

"அதுங்களா? பழைய செட்டுல ரீட் குடுத்தா பாதில நின்னு போச்சுங்க. நாலஞ்சு வாட்டி பாத்தேன். அப்பறம் என்ன பண்ணுனேன், காலி பைல் ஒண்ணத் தொறந்து, செட்டுக்குப் பின்னால ஸ்டிக்கர்ல இருக்கற நம்பரை அடிச்சேன். பின்னைக் கட்டவெரல்ல அமுத்திப் புடிச்சுட்டு ரைட் குடுத்தேன் பாருங்க, ஏறிக்கிச்சு! ஆனாப் பழசுக்குப் புதுசு பேசறது கேக்கல. சரி போன்னு பழசுலயும் அதையே ஏத்திப்போட்டேன். அப்பறம் ரெண்டும் ஜம்முனு பேசுச்சுங்க."

ஜம்மென்று பேசத்தான் செய்யும். ஸ்டிக்கரில் ஃப்ரீக்வென்சி மட்டும்தான் அச்சடித்திருக்கும். டோன் செட்டுக்குள்ளே இருக்கிறது, ரீட் பண்ணினால்தான் தெரியும். புது செட்டில் டோன் இல்லை, அதனால் பழைய செட் அதைக் கேட்க மறுத்தது. ஏன் மறுக்கிறது என்று ஒரு போன் போட்டு என்னைக் கேட்டிருக்கலாம். இந்த மனிதர் பழைய செட்டில் இருந்த டோனையும் அழித்துவிட்டார். இரண்டும் ஒன்றோடொன்று பேசுகின்றன, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். கிணற்றுக்காரர்களுக்குச் செட் பேசினால் போதும். அது இன்னும் யார் யார் பேச்சையெல்லாம் கேட்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

"மேஸ்திரி, அங்கயே இருங்க. நான் வாரேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

4. முதலாளி சொன்ன யோசனை

இதையெல்லாம் முதலாளி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கல்லாவை விட்டு எழுந்து என் மேசைக்கு வந்தார். பழனிசாமியைப் பார்த்து, "தம்பி, வெளிய போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க" என்றார். பழனிசாமி போனதும் குரலை இறக்கினார்.

"ஜெரினா, டோனப் போட்டு உட்ரு. போட்டுட்டு, செட்டு நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லிக் குடுத்துரு. நமக்கெதுக்கு வம்பு? கேபிள் நம்ம கடைதுன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் உள்ள வர மாட்டான்."

"செட்டு நல்லாருக்குதுன்னு சொன்னா, அவருக்குக் காது சரியில்லைன்னு ஆகுமுங்களே ராஜண்ணா."

"ஆனா ஆயிட்டுப் போவுது. அவன் என்ன ஜெயிலுக்கா போறான்? ரெண்டு மாசத்துல மறந்துருவாங்க."

எனக்கு வாயில் நன்றாக வந்துவிட்டது. அதை இங்கே எழுத முடியாது. ஒருவன் தன் காதையே நம்ப முடியாமல், பெண்டாட்டி முகத்தைப் பார்க்க முடியாமல் வந்து நிற்கிறான். அவனுக்கு உண்மையைச் சொல்ல இரண்டு சொல் போதும். அந்த இரண்டு சொல்லைச் சொல்லாதே என்கிறார் இத்தனை வருஷம் நான் அண்ணா என்று கூப்பிட்ட மனிதர்.

எழுந்தேன். கொக்கியிலிருந்து எல்லாப் பாக்கெட்டையும் உருவினேன். என் கட்டிங் பிளேயரை எடுத்து, கவுன்டர் மேல் வைத்து, பாக்கெட்டோடு சேர்த்து ஒவ்வொன்றாக நறுக் நறுக்கென்று வெட்டினேன். பேட்டரி வாங்க வந்திருந்த இரண்டு பேர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"ஏய், என்ன பண்ற? கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"இத்தனை நாளாப் புடிக்காம இருந்ததுதாங்க கிறுக்கு."

"இதுக்கு மேல இங்க வேலைக்கு வராத, சொல்லிட்டேன்."

"வரச் சொன்னாலும் வரலீங்க."

என் லேப்டாப், என் கேபிள், பழனிசாமியின் செட் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். செட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பழனிசாமி டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றிருந்தார். நடந்தது என்ன என்று அப்போதுதான் அவருக்கு முழுசாகச் சொன்னேன். கேட்டுவிட்டு டீயைக் கீழே வைத்தார்.

"நீங்க சொன்னா நான் நம்பறேனுங்க்கா. சரசு நம்போணுமே. எனக்காவ நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லிப்போடுவா" என்றார்.

"அவ காதாலயே கேக்கட்டும். வாங்க, பஸ்ஸேறலாம்."

5. ஆளில்லாத கிணறு

பொள்ளாச்சி பஸ்ஸில் கிணத்துக்கடவில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கிரேன் சும்மா நின்றது. கல்குவியல் மேல் மேஸ்திரி நடராசு உட்கார்ந்திருந்தார். நாலைந்து வேலைக்காரர்கள் தென்னை நிழலில் இருந்தார்கள். தோட்டத்துக்காரர் கடுகடுவென்று முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார்.

"மரமெல்லாம் தண்ணியில்லாமக் காயுதுங்க. என்னிக்குத்தான் வேலைய ஆரம்பிப்பீங்க?" என்று மேஸ்திரியிடம் கத்தினார்.

"ஆளு வேணுமில்லீங்களா? இருந்த ஆளு இப்படிக் குடிச்சுப்போட்டு…" என்று ஆரம்பித்த மேஸ்திரி எங்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

நான் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பழனிசாமியின் செட்டை எடுத்துக் கல்குவியல் மேல் வைத்து, வால்யூமை முழுசாகத் திருப்பினேன். "கெணத்துக்குள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"காலியாத்தானுங்க கெடக்குது."

"செல்வராசு வெச்சிருந்த செட்டு எங்க?"

ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாரும் பார்க்க அதை ஆஃப் பண்ணி, பேட்டரியையும் கழற்றி வைத்தேன். "சித்த நேரம் யாரும் பேசாதீங்க" என்றேன்.

எல்லாரும் அந்தக் கறுப்புச் செட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தென்னை மரங்களுக்கு மேலே, தூரத்தில், இன்னொரு கிரேனின் கை தெரிந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

"என்னுங் ஜெரினாம்மா, அருள்வாக்கு ஏதாச்சும் வருமுங்களா?" என்றார் மேஸ்திரி. இரண்டு பேர் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பழனிசாமி இதற்குள் தன் போனை எடுத்துச் சரசுவுக்கு அடித்தார். எடுக்கவில்லை. செல்வராசுக்கு அடித்தார். அவன் எடுத்தான். பழனிசாமி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், போனை வெக்காம இரு. உங்கக்காளையும் பக்கத்துல கூப்புட்டு வெச்சுக்க. பேச வேண்டாம். கேட்டாப் போதும்."

போனைச் செட்டுக்குப் பக்கத்தில் பிடித்தபடி குனிந்து நின்றார். அவர் முதுகு வேர்த்துச் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்காரர் என்னவோ கேட்க வாயைத் திறந்தார்.

அப்போது செட் கரகரத்தது.

"ஏத்து… ஏத்து… அட மெல்லப்பா… ஆ, போவுட்டு, போவுட்டு… நிறுத்து!"

அங்கே நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி எங்கள் கிணற்றைப் பார்த்தார்கள். சட்டி கரையில் கவிழ்ந்து கிடந்தது. கிணற்றுக்குள் யாரும் இல்லை. மேஸ்திரி எழுந்து போய் எட்டியே பார்த்தார்.

போனிலிருந்து செல்வராசின் குரல் பதறியது. "மச்சான்! யாரு அது? கெணத்துக்குள்ள யாரு எறங்கியிருக்கா? அன்னிக்கு இப்படித்தான் கேட்டுச்சா உனக்கு?"

பழனிசாமி தலையை மட்டும் ஆட்டினார், அது போனில் தெரியுமா என்ன. நான்தான் குனிந்து சொன்னேன். "ஆமா கண்ணு. மூணு தோட்டந் தள்ளி ஒருத்தர் பேசறாரு. அன்னிக்கும் உங்க மச்சானுக்கு அதுதான் கேட்டுச்சு. அவர்மேல ஒரு தப்புங் கெடையாது."

 பிறகு சரசுவின் குரல் அழுதுகொண்டே வந்தது.

"ஏனுங்க… ஏனுங்க, சாப்பிட்டீங்களா?"

பழனிசாமி போனைக் காதில் வைத்துக்கொண்டு தென்னை மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

என் கோபம் இதனால் அடங்கியது என்று நினைக்காதீர்கள். அப்போதுதான் ஏறியது. மேஸ்திரி பக்கம் திரும்பினேன்.

"குடிச்சிருந்தாருன்னு சொன்னீங்களே, எந்தக் கடைல குடிச்சாரு? யாரு ஊத்திக் குடுத்தாங்க? சொல்லுங்க பாக்கலாம்!"

"எனக்கென்னுங்க தெரியும்? ரெண்டு செட்டும் நல்லாத்தானுங்க பேசுச்சு…"

"நல்லாப் பேசுச்சு! ஒரு செட்டு ரீட் ஆவுலீன்னா அதுக்குள்ள என்ன இருக்குதுன்னே உங்களுக்குத் தெரியாதுன்னு அர்த்தம். தெரியாதது மேல கட்டவெரல அமுத்திப் புடிச்சு ஏத்துனீங்களே, அந்தக் கட்டவெரலு அப்பவே போன் பண்ணி என்னையக் கேட்டிருக்கக் கூடாதா?"

அவருக்கும் ரோஷம் வந்தது. "கேபிள் உங்க கடைச் சரக்குதானுங்க? எல்லாத்துக்கும் சேரும், நீங்களே ஊட்ல வெச்சுப் போட்டுக்கலாமுன்னு உங்க மொதலாளிதான் குடுத்தாரு. நான் என்ன திருடியா வந்தேன்?"

"ஆமாங்க. எங்க கடைச் சரக்குதான். அதை எல்லாருக்கும் முன்னால சொல்லத்தான் வந்தேன். வித்தவங்க மேலயும் தப்பு, தெரியாம ஏத்துன உங்க மேலயும் தப்பு. தப்பே பண்ணாத ஒரு ஆளுதான் இங்க ஒரு வாரமாக் குடிகாரன்னு பேரு வாங்கியிருக்காரு."

தோட்டத்துக்காரர் மேஸ்திரியை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க நடராசு, அந்தப் பையன் ஆஸ்பத்திரிச் செலவு மொத்தமும் உங்க பொறுப்பு. அது முடியற வரைக்கும் எங் கெணத்துல சட்டி எறங்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு நல்ல வார்த்தைதான் அன்றைக்கு அங்கே கிடைத்தது.

நான் கல்குவியல் மேலேயே லேப்டாப்பை விரித்து, இரண்டு செட்டையும் ரீட் பண்ணி, அதில் இருந்ததை அப்படியே சேவ் பண்ணி வைத்துக்கொண்டேன். பிறகு டோனை ஏற்றினேன். மறுபடி ரீட் பண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். மூன்று தோட்டத்துக்கு அப்பால் அவர்கள் கிரேனின் கை அசைந்துகொண்டுதான் இருந்தது, எங்கள் செட் வாயைத் திறக்கவில்லை.

பழனிசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். மேஸ்திரி அவர் தோளில் கை போட்டார்.

"சரி உடு பழனி. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. நாளைக்கு வந்து கிரேன்ல உக்காரு. உன்னாட்டம் லிவர் புடிக்க இந்தப் பக்கம் ஆளு ஏது?"

பழனிசாமி அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"எம்மேல தப்பில்லீன்னு தெரிஞ்சுபோச்சுங்க. அது போதும். ஆனா மச்சான் காலு மேல கல்லு உழுந்தப்ப லிவரு எங் கைலதானுங்க இருந்துச்சு. கண்ண மூடுனா சட்டி சாயறதுதானுங்க வருது. இனி யாரு ஏத்துன்னு சொன்னாலும் எங் கை தூக்காதுங்க."

மேஸ்திரி ஏதோ சொல்லப் பார்த்தார். இவர் நிற்கவில்லை. கிரேன் சீட்டில் கிடந்த தன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து, "வாரேனுங்க்கா" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.

6. கேபிள் கேட்கிறவர்களுக்கு

செல்வராசு இப்போது நடக்கிறான், கொஞ்சம் விந்தியபடி. பழனிசாமி அதற்குப் பிறகு எந்தக் கிரேனிலும் ஏறவில்லை. ஒரு தேங்காய் நார்க் களத்தில் லோடு கட்டுகிறார். கிணற்றுக் கும்பல்காரர்கள் இன்னும் அவரைத் தேடிப் போய்க் கூப்பிடுகிறார்கள். வர மாட்டேன் என்கிறார். ஒரு போலிக் கேபிள் ஒருவன் காலைக் கெடுத்தது, இன்னொருவன் கையில் இருந்த தொழிலையே பிடுங்கிக்கொண்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

நான் காந்திபுரத்தில் ஒரு மொபைல் கடையின் மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கேபிள் வாங்குவது என்று என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது இதைத்தான். செட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், அந்த செட்டுக்கென்று சொல்லப்பட்ட கேபிளையே கேளுங்கள். கடையிலேயே மாட்டச் சொல்லுங்கள். பின் கடைசிவரை இறங்க வேண்டும், விரலால் அமுக்கிப் பிடித்தால்தான் ஓடும் என்றால் அது கேபிளே இல்லை. ரீட் பண்ணச் சொல்லுங்கள், தடங்கல் இல்லாமல் முடிகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் முதலில் ரீட், அப்புறம் சேவ், அப்புறம்தான் ரைட். ரீட் ஆகவில்லையா, கையை எடுத்துவிடுங்கள்.

இத்தனை சொல்லியும் ஒன்றும் ஏறுவதில்லை. போன வாரம் சூலூர்ப் பக்கமிருந்து ஒருவர் போன் பண்ணினார். கட்டட வேலைக்குச் செட் ஓட்டுகிறவராம்.

"அக்கா, ரீட் ஆவ மாட்டேங்குது. ஆனா அமுத்திப் புடிச்சா ரைட் ஆவுதுங்க. அடிச்சு உட்றட்டுங்களா?"

"அந்த செட்டு யாரு கழுத்துக்குப் போவுது?"

"கிரேன் ஆப்பரேட்டருக்குங்க. ஏனுங்க?"

நான் போட்ட சத்தத்தில் மொபைல் கடைக்காரரும் அவரிடம் கவர் வாங்கிக்கொண்டிருந்த பெண்ணும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"மொதல்ல அந்தக் கேபிளப் புடுங்குங்க! கீழ ஆளு நிக்கறானுங்க!"